முனைவர் என்று போடுங்கள், டாக்டர் என்று போடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். படிக்காமலே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பரீட்சைக்கு எப்படிப் படித்தீர்கள் என்பதையும் பார்த்தவன்தானே நான்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை பேத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டாள். கிளினிக்கல் சைக்காலஜியில் போக ஆசை, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டாள். அரை மணி நேரத்தில் முப்பது நாற்பது பதில்கள். முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒன்றுதான். "எம்.பில்.லைத்தான் தூக்கிட்டாங்களே, நேரா பிஎச்.டி. சேர்ந்துடும்மா. மூணு வருஷத்துல டாக்டர். முன் ரூம் சும்மாத்தானே கிடக்கு, போர்டு மாட்டிடலாம்." முன் ரூம் யோசனையைச் சொன்னது என் கூடப்பிறந்த தம்பி.

குழுவில் பதில் எழுதினால் நாலு காலை வணக்கப் படங்களுக்குக் கீழே அது புதைந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். தம்பி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த முன் ரூமைப் போல ஒரு ரூமுக்கு நானே ஒரு பையனை அனுப்பியிருக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. என்னிடம் படித்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று மந்தமாகிவிட்டான். காலையில் குளியலறைக்குள் போனால் இரண்டு மணி நேரம். கை கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான், புரட்ட மாட்டேன் என்கிறான். "சார், யாரிடம் காட்டலாம்?" என்று கேட்டார். மனநல மருத்துவரிடம் போக அவருக்குக் கூச்சம். பையனுக்கு 'அந்த' முத்திரை விழுந்துவிடுமோ என்ற பயம்.

எனக்கு அப்போது தெரிந்தது ஒரு போர்டுதான். பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் தினமும் பார்ப்பேன். டாக்டர் இன்னார், பிஎச்.டி., உளவியல் நிபுணர். குழந்தைகள் பிரச்சினை, நினைவாற்றல், தம்பதியர் ஆலோசனை என்று வரிசையாக எழுதியிருக்கும். டாக்டர் என்று போட்டிருக்கிறார், பிஎச்.டி. என்றும் போட்டிருக்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். நான்தான் அனுப்பினேன். வேதியியல் வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் போனார்.

எட்டு மாதம் போனார்கள். வாரம் ஒருமுறை. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அன்பாகத்தான் பேசியிருக்கிறார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார். அம்மாவிடம், "பையன் கை அழுக்கா இருக்குன்னு பயந்தா, சுத்தமாத்தான் இருக்குன்னு சொல்லி தைரியம் கொடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, நூறு தடவை "சுத்தமா இருக்குடா கண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். எட்டாவது மாதத்தில் பையன் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டான்.

பிறகு மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், இது எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. என்று. மருந்து அவர் கொடுத்தார். கூடவே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சின்ன வயசுப் பெண், சிகிச்சையைத் தொடங்கினார். அந்தச் சிகிச்சை நேர் எதிரானது. கதவுக் கைப்பிடியைத் தொட வேண்டும், தொட்டபின் கழுவக் கூடாது. பயம் ஏறும். ஏறட்டும். காத்திருந்தால் தானாக இறங்கும். இறங்குகிறது என்பதை அந்த உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் சின்னப் பயம், அப்புறம் பெரிய பயம் என்று படி வைத்துப் போக வேண்டும். அம்மாவிடம் முதல் நாளே சொன்னாராம், "சுத்தமா இருக்குன்னு இனிமே சொல்லாதீங்க. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நோய்க்குத்தான் சாப்பாடு போடறீங்க."

அந்தத் தாய் அன்றைக்கு அழுத அழுகையை அந்த மாணவர் என்னிடம் வந்து சொன்னார். என்மேல் பழி போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

பையன் இப்போது கல்லூரியில் இருக்கிறான். ஒரு வருடம் வீணானது வீணானதுதான்.

இது நடந்தபின்தான், அந்த போர்டில் இருந்த 'பிஎச்.டி.' வாங்க என்னதான் செய்ய வேண்டும் என்று தேடிப் படித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள்தான் இப்போது நாடு முழுக்க பிஎச்.டி.க்கு அடிப்படை. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் இன்னும் 2 வருடம் தரலாம். குறைந்தது 12 கிரெடிட் வகுப்புப் பாடம், அதில் ஆராய்ச்சி நெறிமுறை கட்டாயம். ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன்னால் போய் இவ்வளவு செய்தேன் என்று காட்ட வேண்டும். கடைசியில் ஆய்வேடு. திருட்டு எழுத்து இருக்கிறதா என்று மென்பொருளில் சோதனை. வழிகாட்டியும் வெளியே இருந்து குறைந்தது 2 தேர்வாளர்களும் மதிப்பிடுவார்கள். பிறகு வாய்மொழித் தேர்வு. முடிந்தது, மாலை, சால்வை, குரூப் போட்டோ.

நல்ல விதிகள்தான். ஆனால் நெல் ரகத்தில் ஆராய்ச்சி செய்கிறவருக்கும், சங்க இலக்கியத்தில் செய்கிறவருக்கும், உளவியலில் செய்கிறவருக்கும் இதே விதிகள்தான். முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பாருங்கள், நோயாளி என்ற ஜீவனே அதில் கிடையாது. ஒரு மனநோயாளியின் முன்னால் ஐந்து நிமிடம்கூட உட்காராமல் உளவியலில் பிஎச்.டி. வாங்கலாம். விதி அதைத் தடுக்கவில்லை. ஆராய்ச்சிப் பட்டத்துக்கான விதியில் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

அந்த ஆராய்ச்சிகளில் சில எப்படி நடக்கின்றன என்பதற்கும் நான் சாட்சி. நான் வேலையில் இருந்தபோது ஒரு ஆராய்ச்சி மாணவர் ஆசிரியர்களின் மன அழுத்தம் பற்றிக் கேள்வித்தாள் கட்டு ஒன்றை எங்கள் ஓய்வறையில் வைத்துவிட்டுப் போனார். ஆளுக்கு அறுபது கேள்வி. 'எப்போதும், அடிக்கடி, சில நேரம், ஒருபோதும் இல்லை.' பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே டிக் அடித்தோம். லீவில் இருந்த இரண்டு பேருக்கும் சேர்த்து எங்கள் தாவரவியல் வாத்தியாரே அடித்தார். அவர் கணக்கில் அவர்களுக்கு மன அழுத்தமே கிடையாது. அந்த டிக்குகள் எல்லாம் எங்கோ ஒரு ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் அட்டவணையாகியிருக்கும். செய்த பாவத்தைச் சொல்லிவிட்டேன்.

எல்லா பிஎச்.டி.யும் இப்படி என்று நான் சொல்லவில்லை. என் மாணவர்களிலேயே ராப்பகலாக உழைத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள், இதைப் படித்துக்கொண்டும் இருப்பார்கள். மனநல மருத்துவமனைகளில் வருடக்கணக்கில் நோயாளிகளோடு இருந்து, அதைப் பற்றியே ஆராய்ந்து எழுதியவர்களும் உண்டு. உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் சண்டை போர்டோடு.

சட்டம் என்ன சொல்கிறது? 1992-ஆம் வருட இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மத்தியப் பதிவேட்டில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டமும் யார் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று வரையறுத்திருக்கிறது. அந்தக் கவுன்சில் ஒப்புக்கொண்ட படிப்பு வேண்டும், அல்லது உளவியல் முதுகலைக்கு மேல், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய 2 வருட முழுநேர எம்.பில். வேண்டும். மூன்று வருடம் ஆய்வேடு எழுதினேன் என்பது அந்த வரையறையில் எங்குமே இல்லை.

அந்த 2 வருட எம்.பில். மற்ற பாடங்களின் எம்.பில். மாதிரி இல்லை. பெங்களூரில் 1950களிலேயே தொடங்கிய பயிற்சி வழி அது. காலையில் வார்டு, புறநோயாளிப் பிரிவு. நோயாளியிடமும் குடும்பத்திடமும் பேசி வரலாறு எடுக்க வேண்டும், பரிசோதனைகள் செய்ய வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், மூத்தவர் அதைச் சிவப்பு மையில் கிழிப்பார், திரும்ப எழுத வேண்டும். சிகிச்சை கொடுத்த நோயாளிகளின் பதிவேடுகளைச் சமர்ப்பிக்க வேண்டும். ஆய்வேடும் உண்டு. கடைசியில் ஒரு நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் செய்முறைத் தேர்வு.

செய்முறைத் தேர்வு! நான் 31 வருடம் வேதியியல் நடத்தினேன். பாடத்தில் தலைகீழாக ஒப்பிப்பவனும் செய்முறைக்கு வராவிட்டால் பாஸ் கிடையாது. பிப்பெட்டைக் கையில் பிடிக்காதவனை, உப்பை முகர்ந்து பார்க்காதவனை நாங்கள் வேதியியல் படித்தவன் என்று சொல்லி வெளியே அனுப்பியதில்லை. இத்தனைக்கும் எங்கள் சோதனைக் குழாயில் இருந்தது உப்பு. தப்பாகக் கண்டுபிடித்தால் மார்க் போகும், அவ்வளவுதான். உப்புக்கு இருந்த கண்டிப்பு பிள்ளைகளின் மனசுக்கு வேண்டாமா?

பதிவு இல்லாமல் தொழில் செய்தால் அந்த 1992 சட்டத்தில் தண்டனை என்ன தெரியுமா? ஒரு வருடம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! அந்த மனிதர் என் மாணவரிடம் இரண்டு வாரத்தில் வாங்கியது அதைவிட அதிகம். அதிலும் போர்டில் 'கிளினிக்கல்' என்ற சொல்லைப் போடாமல் 'உளவியல் நிபுணர்', 'ஆலோசகர்' என்று போட்டுக்கொண்டால் அந்தச் சட்டத்தில் பிடிப்பதும் கஷ்டம். விஷயம் தெரிந்தவர்கள் அப்படித்தான் போடுகிறார்கள்.

இன்னொரு கூத்து. தமிழில் இந்தக் குழப்பத்துக்கே வேலை இல்லை. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர் முனைவர். வைத்தியம் பார்ப்பவர் மருத்துவர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பது அவர்கள் பிரச்சினை. தமிழ்ப் பேராசிரியர்கள் எல்லோரும் கம்பீரமாக முனைவர் என்று போட்டுக்கொள்கிறார்கள். கல்லூரியில் இருக்கும்வரை முனைவராக இருக்கிற உளவியல்காரர் மட்டும், சாயங்காலம் அறை எடுத்து உட்கார்ந்தவுடன் தமிழ் போர்டிலும் 'டாக்டர்' ஆகிவிடுகிறார். ஏன்? முனைவர் என்று போட்டால் கூட்டம் வராது. என்னைப் போன்ற ஆள் அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தானே பையனை அனுப்பினேன்?

சரி, எம்.பில். விவகாரத்துக்கு வருகிறேன். என் தம்பி சொன்னதில் பாதி உண்மை. 2022 விதிகளில், கல்வி நிறுவனங்கள் இனி எம்.பில். நடத்தக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். எல்லா எம்.பில்.லையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டார்கள். இந்த ஒரு எம்.பில். வெறும் ஆராய்ச்சிப் பட்டம் இல்லை, வைத்தியம் பார்க்கும் உரிமமே இதில்தான் இருக்கிறது என்று கோடு போடும்போது யாருக்கும் தோன்றவில்லை. பிறகு 2024 ஜனவரியில், கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டித்தார்கள். வீட்டைப் பழுது பார்க்க வந்தவன் தூணை எடுத்துவிட்டு, அப்புறம் ஓடி வந்து மூங்கிலை முட்டுக் கொடுத்த கதை. இதை நம்பி வருடக்கணக்கில் நுழைவுத் தேர்வுக்குத் தயாரான பிள்ளைகள் என்ன பாடுபட்டிருப்பார்கள்? 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக வந்தது. அந்த நாட்டில் ஆள் தயாரிக்கும் வழியில் இப்படிக் கைவைப்பார்களா?

மற்ற நாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1949-இல் போல்டர் என்ற ஊரில் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிளினிக்கல் சைக்காலஜியில் டாக்டர் பட்டம் வாங்குபவர் ஆராய்ச்சியும் தெரிந்தவராக, சிகிச்சையும் தெரிந்தவராக இருக்க வேண்டும். இன்றும் அங்கே அங்கீகாரம் பெற்ற பிஎச்.டி. என்றால் ஆய்வேடு மட்டும் போதாது. படிக்கும்போதே நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி, அதற்கு மேல் ஒரு வருட முழுநேர இன்டர்ன்ஷிப். அது முடியாமல் பட்டம் கையில் வராது. வந்தபின்னும் உரிமத் தேர்வு தனி. பிரிட்டனில் 3 வருட டாக்டர் படிப்பு. அதில் ஏறக்குறைய பாதி நேரம் மருத்துவமனைகளிலும் மனநல மையங்களிலும் வேலை, அரசு சுகாதாரத் துறையே சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கிறது. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்ற பட்டப்பெயரைப் பதிவு இல்லாதவர் போட்டுக்கொண்டால் குற்றம். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே 'கிளினிக்கல்' டாக்டர் பட்டத்துக்குள்ளேயே நோயாளி இருக்கிறார். நம் ஊரில் பட்டம் ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம்.

நமக்கும் அப்படி ஒன்று இல்லாமல் இல்லை. சை.டி. என்று ஒரு படிப்பு, டாக்டர் ஆஃப் சைக்காலஜி. மறுவாழ்வுக் கவுன்சில் ஒப்புதலோடு சில இடங்களில் நடக்கிறது. சிகிச்சைப் பயிற்சியை நடுவில் வைத்த டாக்டர் பட்டம். இடங்கள் குறைவு. தனியாரில் கட்டணமும் கண்ணைக் கட்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில், மனநலத் துறை இருக்கிற ஒவ்வொரு இடத்திலும், உதவித்தொகையோடு இதைத் தொடங்கினால் என்ன கெட்டுவிடும்? கட்டடம் இருக்கிறது, நோயாளிகள் வாசல்வரை நிற்கிறார்கள்.

என் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பல்கலைக்கழகம் பட்டத்தின் பெயரில் 'கிளினிக்கல்' அல்லது 'மருத்துவ உளவியல்' என்று போட்டால், மேற்பார்வையில் இத்தனை மணி நேரம் நோயாளிகளைப் பார்த்தார் என்ற பதிவு இல்லாமல் அந்தப் பட்டத்தைக் கொடுக்கக் கூடாது. வெறும் ஆராய்ச்சிதான் என்றால், சேர்க்கை விளம்பரத்திலேயே 'இது சிகிச்சை அளிக்கும் உரிமம் தராது' என்று கொட்டை எழுத்தில் போடட்டும். சிகரெட் அட்டையில் போடுகிறார்களே, அது மாதிரி. அந்த ஆயிரம் ரூபாயையும் மாற்றட்டும்.

"மாமா, நீங்க வேதியியல் வாத்தியார், உங்களுக்கு எதுக்கு இது?" என்று ஒரு மருமகன் போனில் கேட்டான். நியாயமான கேள்வி. எனக்கு உளவியல் தெரியாது. தெரியாததால்தான் போர்டை நம்பினேன். நம்மில் தொண்ணூறு பேர் என்னைப் போலத்தான். தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது. தெரியாதவனுக்காகத்தான் சட்டமும் பதிவேடும்.

இனி பேத்திக்கு. கண்ணு, உனக்கு ஆராய்ச்சியில்தான் ஆசை என்றால் பிஎச்.டி. தாராளமாகச் செய். கல்லூரியில் கற்பிக்கலாம், நல்ல ஆய்வு எழுதலாம், முனைவர் என்று பெருமையாகப் போட்டுக்கொள். ஆனால் நீ என்னிடம் போனில் சொன்னது வேறு. "தாத்தா, எனக்கு ஆட்களோட உட்கார்ந்து பேசணும், சரி பண்ணணும்" என்றாய். அப்படியானால் மறுவாழ்வுக் கவுன்சிலின் இணையதளத்துக்குப் போ. எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்லூரிக்கு, எந்த வருடம்வரை ஒப்புதல் என்று அங்கேயே பார். கல்லூரிக்காரர் வாயால் சொல்வதை நம்பாதே, எழுத்தில் வாங்கு. ஒரு வருடம் காத்திருக்க வேண்டி வந்தால் காத்திரு. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் என்னிடம் அனுப்பு.

தம்பிக்கு: முன் ரூமில் சைக்கிளை நிறுத்து.

மற்றவர்களுக்கு: உங்கள் பிள்ளையை யாரிடமாவது கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "உங்கள் ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன?" முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார், சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால் அது நடப்பில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கேட்டதும் முகம் மாறினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பணம் இல்லை, வழி தெரியவில்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதிலும் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பையன் தேறி வந்தது அப்படி ஒரு இடத்தில்தான்.

எண்ணைச் சரிபார்க்கத் தெரியாதவர்கள் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன், அப்போது மட்டும் வேண்டாம்.